எம்.டி.எஸ். என்றால் என்ன? பல் மருத்துவ மேற்படிப்பு குறித்து ஓர் எளிய விளக்கம்

“அவரு சும்மா பி.டி.எஸ். தாங்க. எம்.டி.எஸ். டாக்டரா பாத்துப் போங்க” என்ற அறிவுரையைப் பல்வலி வந்த எவரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார். சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்திலேயே இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. பி.டி.எஸ். என்பது பாதிப் படிப்பு என்பது ஒன்று. எம்.டி.எஸ். படித்தவர் பல் தொடர்பான எல்லாவற்றையும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்வார் என்பது மற்றொன்று. இவற்றை நம்பி, கம்பி போட வேண்டிய பிள்ளையை ஈறு நோய் நிபுணரிடம் அழைத்துச் சென்று அலைந்த பெற்றோரும் உண்டு. பக்கத்துத் தெருவில் அரை மணி நேரத்தில் அடைத்து முடித்திருக்கக்கூடிய சொத்தைப் பல்லோடு, பெரிய மருத்துவமனையில் நாள் குறித்துக் காத்திருந்தவர்களும் உண்டு. மேற்படிப்பு உண்மையில் என்ன கற்றுத் தருகிறது என்று தெரிந்துவிட்டால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

முதல் பட்டம் முழுப் பட்டமே

பி.டி.எஸ். என்பது பல் மருத்துவத்தின் இளநிலைப் பட்டம். இந்தியாவில் நான்கு ஆண்டுப் படிப்பும், அதன் பிறகு எல்லாப் பிரிவுகளிலும் சுழற்சி முறையில் பணியாற்றும் ஓராண்டுப் பயிற்சியும் சேர்ந்தது அது. அதை முடித்து, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்தவர் சட்டப்படி முழுமையான பல் மருத்துவர். பல் பிடுங்கலாம், அடைக்கலாம், வேர் சிகிச்சை செய்யலாம், பல் செட் கட்டலாம். அவர் ரூட் கேனால் செய்வது எந்த வகையிலும் முறைகேடு ஆகாது.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் தமிழ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என எல்லாப் பாடங்களையும் ஒருவராகவே நடத்துவார். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலுக்குத் தனி ஆசிரியர் வருவார். அவர் இயற்பியலில் மிக ஆழமாகப் போனவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவரிடம் யாப்பிலக்கணம் கேட்டால், ஐந்தாம் வகுப்பு ஆசிரியரைவிட நன்றாகச் சொல்வார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பி.டி.எஸ். மருத்துவருக்கும் எம்.டி.எஸ். மருத்துவருக்கும் உள்ள உறவு ஏறக்குறைய இதுதான். மேற்படிப்பு ஒருவரை ஒரு பாடத்தின் ஆழத்துக்குள் இறக்குகிறது. மற்றப் பாடங்களில் அவர் இளநிலையில் படித்த அளவோடுதான் இருக்கிறார்.

சுருங்கச் சொன்னால், பி.டி.எஸ். பல் மருத்துவம் முழுவதற்குமான உரிமத்தைத் தருகிறது, எம்.டி.எஸ். அதன் ஒரு பகுதியில் தேர்ச்சியைத் தருகிறது.

ஒரு பெயருக்குள் ஒன்பது பாதைகள்

எம்.டி.எஸ். என்பது பல் மருத்துவத்தின் முதுநிலைப் பட்டம். மூன்று ஆண்டுப் படிப்பு. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்தின் கீழ் உருவான இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட விதிமுறைகள், இந்தப் பட்டத்துக்கு ஒன்பது பிரிவுகளை வகுத்திருக்கின்றன. பட்டத்தின் பெயர் ஒன்றுதான் என்றாலும் ஒருவர் படித்தது இந்த ஒன்பதில் ஒன்றை மட்டுமே. ஆகவே ஒரு மருத்துவர் எம்.டி.எஸ். என்று சொன்னவுடன் அடுத்து எழ வேண்டிய கேள்வி “எதில்?” என்பதுதான்.

மக்கள் அடிக்கடி தேடிப் போகும் பிரிவுகளிலிருந்து தொடங்குவோம். சொத்தை பிடித்த பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றுவதும் வேர் சிகிச்சை செய்வதும் எண்டோடான்டிக்ஸ் பிரிவின் வேலை. இழந்த பல்லுக்கு மாற்றாகப் பல் கட்டுவது, கேப் போடுவது, பல் செட் செய்வது ஆகியவை ப்ராஸ்தோடான்டிக்ஸ். ஈறும் பல்லைத் தாங்கும் எலும்பும் பெரியோடான்டிக்ஸ் பிரிவைச் சேர்ந்தவை. பேச்சுவழக்கில் கிளிப் போடுவது என்கிறோமே, அது ஆர்த்தோடான்டிக்ஸ். புதைந்து கிடக்கும் ஞானப்பல்லை எடுப்பது முதல் விபத்தில் உடைந்த தாடையைச் சேர்ப்பது, பிளவுபட்ட அண்ணத்தைச் சரிசெய்வது வரை வாய் மற்றும் முகத்தாடை அறுவை சிகிச்சைப் பிரிவில் அடங்கும். குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. வழக்கில் அதைப் பீடோ என்பார்கள்.

மற்ற மூன்றும் நோயாளிகளின் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை. வாய்ப்புண்கள், வெண்படலங்கள், முகவலி ஆகியவற்றை ஆராய்ந்து, எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்து நோயைக் கண்டறிவது ஓரல் மெடிசின் பிரிவு. வாயிலிருந்து வெட்டி எடுத்த சிறு திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, அது புற்றுநோயா இல்லையா என்று சொல்பவர் ஓரல் பெத்தாலஜி படித்தவர். பாக்கு மெல்லும் பழக்கத்தால் வாய் திறக்க முடியாமல் இறுகிப்போகும் நோயும், புகையிலையால் வரும் வாய்ப்புற்றும் மலிந்த நம் நாட்டில், இந்த நிபுணரின் கையெழுத்து ஒரு குடும்பத்தின் போக்கையே மாற்றக்கூடியது. ஆயினும் அவரது முகத்தை நோயாளி ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்.

ஒன்பதாவதான பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம், ஒரு வாயை விட்டுவிட்டு ஊரையே நோயாளியாகப் பார்க்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் பலருடைய பற்களில் காணப்படும் பழுப்புக் கறை சொத்தையால் வந்ததல்ல. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதியாக இருப்பதால் வருவது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அந்தக் கறையை ஒவ்வொரு பல்லாக மறைத்துக்கொண்டிருப்பதைவிட, தண்ணீரை மாற்றுவதுதான் நிலையான மருத்துவம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கங்களில் அதுவும் ஒன்று. எந்த ஊரில், எந்த வயதில், எத்தனை பேருக்கு, எந்த அளவில் பாதிப்பு என்று கணக்கெடுத்துக் காட்டும் வேலை இந்தப் பிரிவினுடையது.

பால் பல்லின் வேரும் கடைவாய்ப்பல்லின் வேரும்

ஒரு பல்லைக் குணப்படுத்த இத்தனை பிரிவுகள் எதற்கு என்று கேட்பது நியாயமே. ஒரே சிகிச்சையை இரண்டு வாய்களில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

வளர்ந்தவர் ஒருவருக்கு மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லில் வேர் சிகிச்சை நடப்பதாக வைத்துக்கொள்வோம். பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய மென்மையான கூழ் இருக்கிறது; அது வேர்களுக்குள் மெல்லிய குழாய்களாக இறங்குகிறது. அழுகிய கூழை எடுத்து, குழாய்களைச் சுத்தம் செய்து அடைப்பதுதான் வேர் சிகிச்சை. இந்தப் பல்லுக்கு வழக்கமாக மூன்று வேர்கள் இருக்கும். மூன்று வேர்களுக்கு மூன்று குழாய்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் கன்னத்தை ஒட்டி முன்பக்கமாக அமைந்த வேருக்குள் பெரும்பாலும் இரண்டாவது குழாய் ஒன்று ஒளிந்திருக்கும். அதன் வாய் ஊசி குத்திய தடம் போலத்தான் தெரியும். சில பற்களில் மேலே படிந்த சுண்ணப் படிவத்தை மிக மெதுவாகச் சுரண்டினால்தான் அதுவும் தெரியும். அதற்குள் முதலில் நுழைக்கும் பத்தாம் எண் ஃபைலின் முனை 0.1 மில்லிமீட்டர் கனமே கொண்டது. ஃபைல் என்பது குழாயைச் சுத்தம் செய்யப் பயன்படும் நெகிழ்வான அரம். சற்று வேகமாகத் திருகினால் அது உள்ளேயே உடைந்து நின்றுவிடும். அந்த நான்காவது குழாயைக் காணாமல் விட்டுவிட்டால், நன்றாக முடிந்ததாகத் தோன்றிய சிகிச்சைக்குப் பிறகும் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ வலியும் வீக்கமும் திரும்ப வரலாம். சுத்தம் செய்து முடித்த குழாய்களை கட்டா பெர்ச்சா என்னும் பொருளால் நிரப்புவார்கள். மலேயக் காடுகளின் மரமொன்றின் பாலிலிருந்து வந்த அது ஆண்டுக்கணக்கில் கரையாமல் இருக்கும்.

இப்போது ஆறு வயதுக் குழந்தை ஒன்று பால் பல் வலியோடு வருகிறது. கூழை எடுத்துச் சுத்தம் செய்வது வரை வேலை ஒன்று போலத்தான் இருக்கிறது. ஆனால் பால் பல்லின் வேர், கீழிருந்து நிலைப்பல் மேலே வர வர, தானாகக் கரைந்துபோக வேண்டியது. அதற்குள் கரையாத கட்டா பெர்ச்சாவை நிரப்பினால் வேர் கரைந்தாலும் அது அங்கேயே கிடந்து, வரும் பல்லின் வழியை மறிக்கும். எனவே வேரோடு சேர்ந்து கரையும் பசையைத்தான் அங்கே வைக்க வேண்டும். இவற்றோடு, அழுதுகொண்டு வாயை இறுக மூடியிருக்கும் குழந்தையை அச்சுறுத்தாமல் வாய் திறக்க வைக்கும் பயிற்சியும் வேண்டும். அது பீடோ பிரிவின் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

சிகிச்சையின் பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருளும் முறையும் வேறாகிவிடுகின்றன. பிரிவுகள் தோன்றியதற்கு இத்தகைய வேறுபாடுகளே காரணம்.

மூன்று ஆண்டுகளில் நடப்பது என்ன?

மேற்படிப்பு என்றதும் தடித்த புத்தகங்கள் நினைவுக்கு வரும். புத்தகமும் உண்டு. ஆனால் படிப்பின் உயிர் கைப்பயிற்சியில் இருக்கிறது. மாணவர் முதல் சில மாதங்களில் நோயாளியைத் தொடுவதற்கு முன் மேசையில் அமர்ந்து பழக வேண்டும். இதை முன்பயிற்சி என்கிறோம். எண்டோ மாணவர், பிடுங்கிய பற்களைப் பிளாஸ்டர் கட்டியில் பதித்துத் துளையிட்டுப் பழகுகிறார். ஆர்த்தோ மாணவர் கையில் இடுக்கியும் கம்பியும் வைத்துக்கொண்டு, தாளில் வரைந்த வடிவத்தின் மேல் வைத்தால் ஒரு முடி அளவும் விலகாதபடி கம்பியை வளைக்கப் பழகுகிறார். வளைத்ததை ஆசிரியர் மேசையில் தட்டையாக வைத்துப் பார்ப்பார். ஒரு முனை தூக்கி நின்றால் அதைக் கழித்துவிட்டு மீண்டும் புதுக் கம்பி.

பிறகு நோயாளிகள் வருகிறார்கள். இளநிலைப் பயிற்சியில் ஒவ்வொரு பிரிவிலும் சில வாரங்களே இருந்து எளிய நேர்வுகளைப் பார்த்தவர், இப்போது ஒரே பிரிவில் நாள்தோறும், மற்றவர்களால் முடியாமல் அனுப்பப்பட்ட கடினமான நேர்வுகளைப் பார்க்கிறார். அதுவும் தவறு நேர்ந்தால் உடனே கைகொடுக்க மூத்த ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது. பட்டத்தின் உண்மையான மதிப்பு இங்கேதான் உருவாகிறது என்பது என் உறுதியான கருத்து. தனியாகக் கிளினிக் வைத்திருப்பவர் பத்தாண்டில் சந்திக்கும் சிக்கல்களை, ஆசிரியரின் துணையோடு மூன்று ஆண்டுகளில் சந்தித்துவிடுவதால்தான் நிபுணரின் கண் கூர்மையடைகிறது. எதைச் செய்யலாம் என்பதோடு, எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதும் அங்கே பிடிபடுகிறது.

மூன்று ஆண்டுகள் எதற்கு, ஓராண்டு போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. ஆர்த்தோவை எடுத்துக்கொள்ளுங்கள். பல் எலும்புக்குள் நேரடியாக ஊன்றி நிற்பதில்லை. பல்லுக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய இழைகளால் ஆன தசைநார்ப் படலம் ஒன்று இருக்கிறது. கம்பி மெதுவாக அழுத்தும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. இப்படியே பல் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. அவசரப்பட்டுக் கூடுதல் விசை கொடுத்தால் வேர் தேய்ந்துபோகும் ஆபத்து உண்டு. எனவே ஒரு நோயாளியின் சிகிச்சை முடிய ஒன்றரை ஆண்டோ இரண்டு ஆண்டோ ஆகிறது. முதலாண்டில் தொடங்கிய சிகிச்சையின் முடிவைத் தம் கண்ணாலேயே பார்த்து, தம் திட்டம் எங்கே சரியாக இருந்தது, எங்கே பிசகியது என்று உணர மாணவருக்கு மூன்று ஆண்டுகளாவது தேவைப்படுகிறது. அப்படியும் சில சிகிச்சைகள் முடியாமல் அடுத்த அணி மாணவர்களிடம் கைமாறும்.

இதனோடு ஆய்வேடும் உண்டு. மாணவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆய்வுத் திட்டத்தை எழுதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்று, தரவு சேகரித்து எழுதி முடிக்க வேண்டும். தேர்வு இரண்டு பகுதிகளாக நடக்கிறது: உடற்கூறியல், உடலியங்கியல் போன்ற அடிப்படை அறிவியல்களில் முதலாண்டின் இறுதியில் ஒன்று, பிரிவுப் பாடத்தில் எழுத்துத் தேர்வும் நோயாளியை நேரில் வைத்துச் செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் மூன்றாமாண்டின் இறுதியில் மற்றொன்று.

பிரிவைத் தீர்மானிப்பது எது?

மேற்படிப்பில் சேர நீட் எம்.டி.எஸ். என்னும் நாடு தழுவிய நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். 240 கேள்விகள், சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று குறையும். தேர்வு எல்லோருக்கும் ஒன்றே. அதில் பிரிவு வாரியாகத் தாள்கள் கிடையாது. தரவரிசை வந்த பிறகு நடக்கும் கலந்தாய்வில்தான் கல்லூரியும் பிரிவும் முடிவாகின்றன. அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்கும் பாதி மாநிலத்துக்கும் போகின்றன. தமிழ்நாட்டில் 1953இல் தொடங்கப்பட்ட சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் ஓர் இடம் கிடைப்பது இன்றும் பல மாணவர்களின் கனவு. அங்கே கட்டணம் குறைவு என்பது ஒரு காரணம். நோயாளிகள் மிகுதியாக வருவதால் கை பழகும் வாய்ப்பு அதிகம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கலந்தாய்வில் எண்டோ, ஆர்த்தோ, அறுவை சிகிச்சை ஆகியவை முதலில் நிரம்பிவிடுகின்றன. பெத்தாலஜியும் பொதுச் சுகாதாரமும் கடைசியில் மிஞ்சுகின்றன. கிளினிக் வருமானமே இதற்குக் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். வாய்ப்புற்று இவ்வளவு பெருகியிருக்கும் நாட்டில் அதை நுண்ணோக்கியில் இனங்காணும் படிப்பு, வேறு எதுவும் கிடைக்காதவர்களின் புகலிடமாகக் கருதப்படுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

பட்டம், பயிற்சி, பதிவு

இவை மூன்றும் தனித்தனியானவை என்பதைப் புரிந்துகொண்டால் வெளிநாட்டுப் பட்டங்கள் தரும் மயக்கம் தெளியும். பட்டம் என்பது பல்கலைக்கழகம் தருவது. பயிற்சி என்பது மருத்துவமனையில் மேற்பார்வையின் கீழ் பெறுவது. பதிவு என்பது இன்னார் இன்ன பிரிவின் நிபுணர் என்று சட்டப்படியான அமைப்பு ஒன்று பட்டியலில் சேர்ப்பது. இந்தியாவில் எம்.டி.எஸ். என்ற ஒரே படிப்புக்குள் முதலிரண்டும் அடங்கிவிடுகின்றன. முடித்ததும் கவுன்சிலில் அதைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்துகொள்கிறார்கள். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. பிரிட்டனில் பொதுப் பல் மருத்துவக் கவுன்சில் பதின்மூன்று பிரிவுகளுக்கு நிபுணர் பட்டியல்களை வைத்திருக்கிறது. முதுநிலைப் பட்டம் இருப்பதாலேயே அவற்றில் பெயர் ஏறிவிடாது. இலங்கையில் பேராதனையில் பல் மருத்துவம் முடித்தவர், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவகத்தின் தேர்வில் தேறிய பிறகும் மேலும் பயிற்சி பெற்றே நிபுணராகச் சான்று பெறுகிறார்.

அமெரிக்காவின் டி.டி.எஸ்., டி.எம்.டி. என்ற பட்டங்களிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. பெயரில் டாக்டர் என்று வருவதால் அவை எம்.டி.எஸ்.ஸைவிட உயர்ந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுமே அங்கு பல் மருத்துவராகத் தொழில் தொடங்குவதற்கான அடிப்படைப் பட்டங்கள். முதலாவதை 1840இல் தொடங்கிய பால்டிமோர் கல்லூரி தந்தது. இரண்டாவதை 1867இல் தொடங்கிய ஹார்வர்டு பல் மருத்துவப் பள்ளி தந்தது. பெயரில்தான் வேறுபாடு, தகுதியில் இல்லை.

பட்டத்தின் பெயரைவிட அது எந்த நாட்டில் எந்தப் படிநிலையில் தரப்படுகிறது என்பதே முக்கியம்.

பெயர்ப்பலகையை எப்படிப் படிப்பது?

பெயருக்குப் பின்னால் எழுத்துகள் நீள நீளத் திறமையும் நீளும் என்று எண்ண வேண்டியதில்லை. சில நாள் பயிலரங்கிலும் சில மாதச் சான்றிதழ்ப் படிப்பிலும் பயனுண்டு. ஏற்கெனவே தொழில் செய்பவர் ஒரு புது முறையைக் கற்றுக்கொள்ள அவை உதவுகின்றன. ஆனால் மூன்று ஆண்டுப் பயிற்சியோடு அவை சமமாகா.

இம்ப்ளான்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டைட்டானியம் உலோகம் உயிருள்ள எலும்போடு ஒன்றிப் பிடித்துக்கொள்ளும் என்று கண்டறிந்த சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்-இங்வார் பிரோனெமார்க், 1965இல் அதை முதன்முதலாக மனிதத் தாடையில் பல்லுக்கு வேராகப் பொருத்தினார். இன்று அது எல்லா நகரங்களிலும் நடக்கிறது. ஆயினும் இந்தியாவின் ஒன்பது பிரிவுகளில் இம்ப்ளான்ட் என்ற பிரிவு இல்லை. எலும்பில் பொருத்துவது அறுவை சிகிச்சையையும் ஈற்றையும் சார்ந்தது. மேலே பல் கட்டுவது ப்ராஸ்தோவைச் சார்ந்தது. எனவே அந்த மூன்று பிரிவினரும் அதைச் செய்கிறார்கள். முறையாகப் பழகிய பி.டி.எஸ். மருத்துவர்களும் செய்கிறார்கள். “இம்ப்ளான்ட் நிபுணர்” என்று பலகையில் கண்டால், அவர் எந்தப் பிரிவில் எம்.டி.எஸ். என்று கேட்பதில் தவறில்லை.

சாதாரணச் சொத்தைக்கும் சுத்தம் செய்வதற்கும் பக்கத்துக் கிளினிக்கின் பி.டி.எஸ். மருத்துவரே போதும், தம்மால் முடியாததை அவரே உரிய பிரிவுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார். அந்தக் கடிதத்தில் பல்லின் எண்ணும், அதுவரை செய்த சிகிச்சையும், எடுத்த எக்ஸ்ரேயும் இருந்தால் அடுத்த மருத்துவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. பலகையில் வெறுமனே எம்.டி.எஸ். என்று மட்டும் எழுதியிருந்தால், பல் காட்டும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே “டாக்டர், நீங்க எதில எம்.டி.எஸ். பண்ணீங்க?” என்று கேட்டுவிடலாம். முறையாகப் படித்தவருக்கு அந்தக் கேள்வியால் கோபம் வராது.